கட்டம் காலியாக இருந்தவள்

என் அம்மாவும் சித்தியும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துக் குடும்பம் நடத்தினவர்கள். அம்மாவுக்கு நான் ஒருத்தி. சித்திக்கு இரண்டு, மூத்தது பெண், மூன்று வருஷம் கழித்துப் பையன். சித்தப்பா சீக்கிரம் கண்ணை மூடிவிட்டார். அந்தப் பையனை இடுப்பிலேயே வைத்து வளர்த்தது அவன் அக்காதான். அவளுக்கு இடுப்பு நோகும்போது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் செய்ததைக் கேட்டுவிட்டு, பாசமில்லாதவன் என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது. பாசம் இருந்துதான் செய்தான்.

பையன் படித்து, வீடு ஒதுக்குகிற ஆபீசில் வேலைக்குப் போனான். சொந்த வீடு இல்லாதவர்கள் அங்கே மனு கொடுத்து வைப்பார்கள். அடுக்குமாடி கட்டி முடிக்க முடிக்க, முறைப்படி கூப்பிட்டுச் சாவி தருவார்கள். முதலில் எல்லாம் பெரிய பெரிய நோட்டு. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மற்றவர்கள் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தபோது இவன் ஒருவன்தான் கிட்டே போய் உட்கார்ந்தான்.

ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினான். திரையில் ஒரு சின்னக் கட்டம் எழும்பி, "எந்த வட்டம்?" என்று கேட்டது. அடித்தான். அடுத்து, "குடும்பத் தலைவர் பெயர்?" என்றது.

"இதுல பேரோட முதல் எழுத்தை அடிச்சு, பின்னாடி ஒரு நட்சத்திரக் குறி போட்டா, அந்த எழுத்துல ஆரம்பிக்கிற எல்லாரும் வந்து நிப்பாங்க பெரியக்கா. எழுத்தே இல்லாம வெறும் குறி போட்டா ஊரே வரும். உன் வீட்டுக்காரர் பேரைச் சொல்லு, தேடிக் குடுக்கறேன்."

"அந்த ஆளைத் தேடி வேற கண்டுபிடிக்கணுமா? வீட்டுலதானே குப்புறப் படுத்துக் கெடக்கார்" என்றேன். ஆபீசே சிரித்தது. அங்கே அவனுக்கு 'ஸ்டார்' என்றுதான் பெயர். எந்தப் படம் ஓடுது ஸ்டாரு என்று கேலி செய்வார்கள். அவனுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அவன் அக்காவுக்கு லாரி டிரைவர் ஒருவனைக் கட்டிவைத்திருந்தோம். பெண் குழந்தைக்கு இரண்டு வயது நடக்கும்போது, லோடு ஏற்றிக்கொண்டு போனவன் போன ஊரிலேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். சாகவும் இல்லை, அறுத்து விடவும் இல்லை. இவள் தையல் மிஷினை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட யூனிஃபாரம் தைத்தாள். ஒரு குடோனுக்கு மேலே தகரம் போட்ட ஒற்றை அறை. தண்ணீர் கீழே பொதுக்குழாயில். வெயில் காலத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோலப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குருப் பவுடர்.

அந்த அறையிலிருந்து பெண்ணை இறக்கிவிட வேண்டும், அதுதான் அவளுக்கு ஒரே குறி. தம்பியிடம் சொல்லாமலே போய் மனு கொடுத்தாள். தம்பி சிபாரிசில் வாங்கினாள் என்று நாளைக்கு ஒரு நாக்கு பேசிவிடக் கூடாது என்ற ரோஷம். மனு வாங்கினவர், "குடும்பத் தலைவர் யாரும்மா?" என்றாராம்.

"நான்தான்."

"பொம்பளை பேரு எழுத முடியாது. வீட்டுக்காரர் பேரைச் சொல்லு."

"அப்படி ஒருத்தர் இல்ல. காலியா விடுங்க."

அவர் காலியாக விட்டார். சீட்டு ஒன்று கிழித்துக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

வருஷா வருஷம் பட்டியல் எடுப்பது என் தம்பி. எல்லாரும் வர வேண்டும் என்று பெயர்க் கட்டத்தில் வெறும் நட்சத்திரக் குறி போடுவான். பட்டியல் வந்த அன்று, "என் பேரு வந்துச்சாடா?" என்று மட்டும் இவள் கேட்பாள். அவன், "வரலக்கா, அடுத்த தடவை" என்பான். இப்படியே ஒன்பது வருஷம்.

ஒன்பதாம் வருஷம், இவளுக்கு நாலு வருஷம் பின்னால் மனு கொடுத்த குழாயடிக்காரி வீடு கிடைத்து மூட்டை கட்டினாள். இவள் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். நான் அன்று அங்கேதான் இருந்தேன்.

"என் பேரை எடுத்துட்டியாடா? அக்காவுக்குக் குடுத்தான்னு யாராவது சொல்லிடுவாங்கன்னு பயமா?"

"என்னக்கா பேசறே! நீ மனுவே குடுத்திருக்க மாட்டே. குடுத்திருந்தா அந்தக் குறிக்குத் தப்பி ஒரு உசிரு இருக்க முடியாது."

"அப்ப நான் பொய் சொல்றேன்."

"பொய்னு சொல்லல. குடுத்ததா நெனச்சுட்டிருக்கே."

அவள் பர்ஸிலிருந்து சீட்டை எடுத்து அவன் முகத்தில் எறிந்தாள். மடித்து மடித்து நாலாகக் கிழிந்து, டேப் ஒட்டின சீட்டு. ஒன்பது வருஷத்தில் ஒருநாளாவது, "சீட்டு வச்சிருக்கியாக்கா?" என்று அவன் கேட்டதில்லை. அவனுக்கு மிஷின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் சீட்டு நம்பரை அடித்துப் பார்த்திருக்கிறான். அக்கா வந்துவிட்டாள். எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது, ஒன்றைத் தவிர. என்னிடம் வந்து பித்துப் பிடித்தவன் மாதிரி சொன்னான்.

"எல்லாரும்னு நான் நெனச்சேன் பெரியக்கா. ஆனா, ‘எது எழுதியிருந்தாலும் சரி’ன்னுதான் அதுக்கு அர்த்தம். ஒண்ணுமே எழுதாத கட்டத்தை அது தொடவே தொடாது. அக்காவோட சேர்த்து நாப்பத்தி மூணு பேரு. எல்லாம் விட்டுட்டுப் போனவன் பொண்டாட்டி, அப்பன் பேரு தெரியாதவங்க. அதுல பாதிப் பேரை ஜன்னல்ல நானே திருப்பி அனுப்பியிருக்கேன்."

ஆபீசரிடம் போய்ச் சொன்னான். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாராம், "இப்பக் கிளப்பினா ஒன்பது வருஷப் பட்டியலும் தப்புன்னு ஆகும். உன் தலை, என் தலை ரெண்டும் உருளும். அடுத்த வருஷம் சத்தம் போடாம சரி பண்ணிக்கலாம்." ஆனால் டவுனுக்குள் கட்டுகிற கடைசிக் கட்டிடம் அந்த வருஷத்தோடு சரி. அதற்கப்புறம் கிடைப்பதெல்லாம் பஸ் போகாத இடம். பெண்ணின் பள்ளிக்கூடமும் போய்விடும், இவளுக்குத் தையல் கொடுக்கிற கடைகளும் போய்விடும். அந்தக் கடைசிக் கட்டிடத்துக்கென்று அந்த வருஷமே இன்னொரு பட்டியல், அதை எடுக்க மூன்று நாள் இருந்தது.

அக்காவிடம் போய்க் கெஞ்சினான். "அந்தாளு பேரைப் போட்டுடறேன். பட்டியல் வந்ததும் அழிச்சுடறேன். யாருக்கும் தெரியாது."

"அவன் பேரு எழுதின கதவுக்குள்ள நான் போக மாட்டேன். தகரம் போதும்."

"செத்துப்போன அப்பா பேரைப் போட்டுத் தொலையேன்டா" என்றேன் நான்.

"கல்யாணம் ஆனவள்னு பக்கத்துக் கட்டத்துல இருக்கு பெரியக்கா. அப்பா பேரு போட்டா வாங்காது."

"வாங்காட்டிப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்குமேல் எங்கள் பேச்சு எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

அவன் போட்டான். நாற்பத்து மூன்று பேரில் ஒருத்திக்கு மட்டும் போட்டான். பட்டியலில் இரண்டாவதாக வந்து நின்றாள். ஆனால் பட்டியல் அச்சானதும் அந்தப் பக்கம் பூட்டிக்கொள்ளுமாம். அழிக்கப் போனவனுக்குக் கை நுழையவில்லை. ஆபீஸ் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள், குடும்பத் தலைவர் பெயர் கொட்டை எழுத்தில். லாரி ஷெட்டில் அந்தப் பெயரைத் தெரியாதவன் யார்? யாரோ அந்த டிரைவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

சாவி கொடுக்கிற அன்று நானும் போனேன். "வந்துடுச்சுக்கா" என்று தம்பி சொல்லி அனுப்பினதை நம்பி, சுவரைப் பார்க்காமல், யார் பெயரில் வந்தது என்று தெரியாமல்தான் இவள் வந்து வரிசையில் நின்றாள். தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆபீசர் குடும்பத் தலைவர் பெயரைக் கூப்பிட்டார்.

"இருக்கேன் சார்" என்று பின்னாலிருந்து குரல். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல். வாசலில் இன்னொருத்தி, இரண்டு பிள்ளைகளோடு. டிரைவர் நேரே என் தம்பியிடம் வந்து தோளைத் தட்டினான். "இத்தனை வருஷம் ஆகியும் என்னை மறக்கல பாரு மச்சான். சொந்தம்னா சொந்தந்தான்."

கையெழுத்துப் போட்டான். சாவியை வாங்கினான். இவள் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தம்பியிடம் கேட்டாள்:

"ஒண்ணே ஒண்ணு செய். நான் வேணாம்னு சொன்னேன், என்னைக் கேக்காம நீதான் அந்தப் பேரைப் போட்டேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடு. மீதியை நான் பாத்துக்கறேன்."

அவன் ஆபீசரைப் பார்த்தான். அவர் ஃபேனைப் பார்த்தார்.

"வேலை போயிடும்க்கா. ரெண்டு பொண்ணு இருக்கு."

"எனக்கு ஒண்ணு இருக்கு" என்றாள்.

அவன் எழுதவில்லை. நானும் எழுது என்று அதட்டவில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அடுத்த வருஷம் காலிக் கட்டமும் வருகிற மாதிரி அவன் மாற்றினான். மிச்ச நாற்பத்து இரண்டு பேருக்கும் ஒவ்வொன்றாக, தூரத்திலாவது, வீடு கிடைத்தது. தெருவில் பார்த்தால் அவனைக் கும்பிடுவார்கள். அவன் சந்துக்குள் ஒதுங்கிவிடுவான். அவனே புதிதாக மனு போட்டு வைத்ததில் அக்காவுக்கும் ஊர்க்கோடியில் ஒன்று வந்தது. அவள் வாங்கப் போகவில்லை. பெண் தகரத்துக்குக் கீழேயே படித்து, அங்கிருந்தே வேலை தேடி வேற்றூர் போனாள். மாமா என்று ஒருவர் இருப்பதாகவே அந்தப் பெண் காட்டிக்கொண்டதில்லை.

பதினோரு வருஷம் கழித்து அவன் ரிட்டயர் ஆனான். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அடுத்த வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான், கையில் கெட்டியான தாள், முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டு.

"நீயும் வா பெரியக்கா. தனியாப் போனா கதவைத் திறக்க மாட்டா."

திறந்தாள். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு தாளை ஒரு வரி விடாமல் படித்தாள். அவன் சுவரோரம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றான்.

"எழுத்து அழகா இருக்கு" என்றாள்.

பிறகு தாளைத் திருப்பி மேசையில் பரப்பினாள். எழுதாத பக்கத்தில் பென்சிலால் வளைத்து ஒரு கோடு போட்டாள். கத்தரியை எடுத்தாள்.

"காலருக்கு அளவு வெட்டக் கெட்டித் தாள் இல்லாம ரெண்டு நாளாக் கஷ்டப்பட்டேன்."

அவன் ஏதோ சொல்ல ஒரு அடி முன்னால் வந்தான். அவள் நிமிரவில்லை.

"வெளிச்சத்தை மறைக்காதே" என்றாள்.