ஒரு 'இங்' இல்லாமல் போன வேலை

கொரோனா ஓய்ந்து, வெளிநாட்டுப் பயணிகள் மறுபடி மதுரைக்கு வரத் தொடங்கியிருந்த நேரம். விளாங்குடியில் குடியிருக்கும் நான், சொந்தக் காரில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு டிராவல்ஸில் ஆங்கிலம் பேசும் டிரைவர் வேண்டும் என்று கேள்விப்பட்டு, பேசிப் பார்க்கலாம் என்று போனேன்.

இன்டர்வியூ ஆங்கிலத்தில்தான். மேனேஜர் கேட்டதற்கெல்லாம் தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னேன். கடைசியாக, ராத்திரியில் ஓட்டுவது சிரமமாக இருக்குமா என்று கேட்டார். ராமேஸ்வரம், கொடைக்கானல் என்று விடிய விடிய ஓட்டிப் பழகியவள் நான். "ஐ யூஸ்டு டு டிரைவ் அட் நைட்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே, சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

சொல்லி அனுப்பவில்லை. நானே போன் செய்தபோது வேறு ஆள் போட்டாயிற்று என்றார்கள்.

பொம்பளை என்பதால்தான் ஒதுக்கிவிட்டார்கள் என்று வீட்டில் புலம்பித் தீர்த்தேன். என் கணவர், "விடு, வேற எடம் பாப்போம்" என்றார். மனசு ஆறவில்லை. மறுநாள் காலையில் நேராக டிராவல்ஸ் ஆபீஸில் போய் நின்றேன்.

"சார், எனக்கு வேலை வேணாம். ஏன் எடுக்கலைன்னு மட்டும் சொல்லுங்க. பொம்பளைங்கிறதாலயா?"

மேனேஜர் திகைத்துப்போனார். "என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? முன்னாடி ராத்திரி ஓட்டுவேன், இப்ப இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்களுக்கு முக்காவாசி நைட்டு டிரிப்புதாம்மா."

அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தேன். நான் சொன்ன வாக்கியத்தை அவர் அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினார். அதற்கு அர்த்தம் அதுதானாம். பழகியிருக்கிறேன் என்றால் 'ஐயாம் யூஸ்டு டு டிரைவிங்' என்று சொல்ல வேண்டுமாம். நடுவில் ஒரு 'ஆம்', கடைசியில் ஒரு 'இங்'. அம்புட்டுதான். கோபத்தோடு போனவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அடுத்து ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதை விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். வண்டியூர் தெப்பக்குளத்துக்குச் சவாரி போனால், வந்தவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு வரும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்து போனில் ஆங்கிலப் பாடம் கேட்பேன். ஆனால் 'டு'வுக்குப் பிறகு ஏன் 'டிரைவ்' வராமல் 'டிரைவிங்' வருகிறது என்பது மட்டும் மண்டையில் ஏறவே இல்லை.

ஒருநாள் காலையில் நான் வண்டிச் சாவியை எடுக்கும்போது, குளிக்கக் கிளம்பிய கணவர், "போறதுக்கு முன்னாடி கேஸ மூடிட்டுப் போ" என்றார். அப்படியே நின்றுவிட்டேன். 'போ முன்னாடி' என்று யாரும் சொல்வதில்லையே. 'போறதுக்கு முன்னாடி', 'ஓட்டுறதுக்குப் பழகிட்டேன்'. நம்முடைய 'றது'தான் அவர்களுடைய 'இங்'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாதுதான், ஆனால் எனக்கு அந்தப் பிடி போதுமாக இருந்தது. அன்று முழுக்க 'பிஃபோர் கோயிங்', 'ஆஃப்டர் ஈட்டிங்', 'வித்தவுட் ஸ்லீப்பிங்' என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன். பின்சீட்டில் இருந்தவர் நான் யாரிடம் பேசுகிறேன் என்று எட்டிப் பார்த்தார்.

பொங்கல் வந்தது. அவனியாபுரம் ஜல்லிக்கட்டைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்க, டிராவல்ஸில் டிரைவர் பற்றாக்குறை. மேனேஜரே கூப்பிட்டார். போய் உட்கார்ந்ததும் அவர் வாய் திறக்கும் முன் நானே ஆரம்பித்தேன்.

"ஐயாம் நாட் குட் அட் ஸ்பீக்கிங், சார். பட் ஐயாம் யூஸ்டு டு டிரைவிங் அட் நைட்."

அவர் சிரித்துவிட்டார். "நாளைக்கே ஏர்போர்ட்டுக்கு வண்டிய எடுத்துட்டு வந்துருங்கம்மா."

இன்றும் அங்கேதான் ஓட்டுகிறேன். பேச்சில் தப்பு வரத்தான் செய்கிறது, திருத்திக்கொள்கிறேன். அன்று நான் போய்க் கேட்காமல் இருந்திருந்தால், பொம்பளை என்று ஒதுக்கியதாக நானும், ராத்திரி வண்டி எடுக்காதவள் என்று அவரும் நினைத்தபடியே இருந்திருப்போம். அதனால் இப்போதெல்லாம் யாராவது என்னிடம் 'இல்லை' என்று சொன்னால், காரணத்தை நானே கற்பனை செய்துகொண்டு வீட்டில் உட்காராமல், நேரில் போய்க் கேட்டுவிடுகிறேன்.