மூன்று சிப்பாய்களும் ஒரு வட்டவளை மாப்பிள்ளையும்

பத்து மணிக்குப் பால் கொடுக்க வரும் தாய்மாரை உட்கார வைத்து, அமெரிக்காக்காரன் சண்டைக் கதையை நீங்கள் எப்போதாவது வாசித்துக் காட்டியதுண்டா? உண்டென்றால் என் பாடு உங்களுக்குத் தெரியும். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவுக்கு நான்தான் ஆயம்மா. ஆயம்மாவுக்குப் பிள்ளைகளைத் தூங்க வைப்பதுதான் வேலை என்று தோட்டத்தில் நினைக்கிறார்கள். தாய்மார் தூங்கி விழாமல் பார்த்துக்கொள்வதும் அதில் சேரும்.

கொழுந்து பறிக்கும் தேயிலை மலையிலிருந்து ஓடி வருகிறவர்களுக்குக் கால் மணி நேரம்தான் கிடைக்கும். என் மகளும் அங்கேதான் ஏணைத் தொட்டிலில் ஆடுவாள். தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் அட்டன் டவுனிலிருந்து மூன்று மொழிபெயர்ப்பு நாவல்கள் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றும் வேறு வேறு யுத்தம். மூன்றிலும் ஒரு சிப்பாய் ‘நான், நான்’ என்று தன் கதையைத் தானே சொல்கிறான். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் வாசிப்பேன். மற்றவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள்.

அந்த மாதம், பால் கொடுக்க வருகிறவர்களில் ஒருத்தியான லெட்சுமி இன்னொரு தீர்ப்பும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் புருஷன் போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். மடியில் ஒரு வயதுப் பையன். வட்டவளைத் தோட்டத்தில், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்கிற ஒருவர், பிள்ளையோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறேன் என்று ஆள் விட்டுக் கேட்டிருந்தார்.

ஒற்றை ஆள் பட்டாளம்

முதல் புத்தகம், அமெரிக்காக்காரர்கள் வடக்கும் தெற்குமாகத் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டது. ஆற்றை முதலில் தாண்டுகிறவனும் கதை சொல்கிறவன்தான், எதிரியின் கொடியைப் பிடுங்குகிறவனும் அவன்தான். கடைசியில் இடது கை போகிறது. அப்போதும் ‘நான் முகம் சுளிக்கவில்லை’ என்கிறான்.

தொண்டை வறள வாசித்து முடித்தேன். பாக்கியம் பிள்ளையை மறு பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். விடியக் காலை பெரட்டுக் களத்தில் பேர் பதிந்து வேலை பிரிக்கிற கங்காணியே அவள் வாய்க்கு ஒதுங்கிப் போவார்.

“ஏக்கா, அன்னைக்குக் காலப் பெரட்டுல இவன் ஒருத்தன்தான் பேரு குடுத்தானா? மத்தவனுங்க எல்லாம் லயத்து வீட்டுலயே படுத்துக்கிட்டானுங்களா?”

முளைத்த கை

இரண்டாவது புத்தகம் பிரான்சு தேசத்துச் சகதியில் நடக்கிறது. முதல் உலக யுத்தம். இரண்டு பக்கம் தாண்டவில்லை, பாக்கியம் நிறுத்தச் சொன்னாள். போன புத்தகத்தில் கையை இழந்தவன் இப்போது எப்படி இரண்டு கையாலும் மண் வெட்டுகிறான் என்று கேட்டாள். இது வேறு ஆள், வேறு சண்டை, நடுவில் ஐம்பது வருஷம் என்றேன். எல்லாரும் என் குரலில்தானே ‘நான்’ என்கிறார்கள், அவளுக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து ஒத்தக்கையன், சகதிக்காரன் என்று பேர் வைத்துவிட்டோம்.

சகதிக்காரன் பெருமை பேசவில்லை. புலம்பினான். நனைந்த காலுக்கு மட்டும் எட்டுப் பக்கம். இடுப்பில் சுற்றிய ஈரப் படங்குச் சாக்கும் காலில் அட்டைக் கடியுமாக உட்கார்ந்து கேட்டவர்களுக்குப் பொறுக்குமா?

“நாலு நாள் மழைக்கே இந்த அழுகையா? ஆடி மாசம், மழை ஓயாத வட்டவளையில கொழுந்தெடுக்க விடுங்க, அப்பத் தெரியும்!” என்றாள் பாக்கியம். லெட்சுமி பக்கம் திரும்பி, “ஒன்னையும்தான்டி சொல்றேன், அங்க வாக்கப்பட்டா குடைய எடுத்துக்கிட்டுப் போ.”

குழிக்குள் இருந்தவன்

மூன்றாவது, ஜப்பான்காரனோடு ஒரு தீவில் நடந்த சண்டை. இவன் சமையல்காரச் சிப்பாய். குண்டு விழுந்தபோது குழிக்குள் சுருண்டு கிடக்கிறான். வெளியே அடிபட்ட கூட்டாளி தண்ணீர் கேட்கிறான், இவன் போகவில்லை. ‘என் கால்சட்டை நனைந்திருந்தது’ என்று ஒளிக்காமல் எழுதுகிறான். சத்தம் ஓய்ந்த பிறகு தண்ணீரை எடுத்துக்கொண்டு தவழ்ந்தே போகிறான். கூட்டாளிக்கு உயிர் இருக்கிறது.

“த்தூ, இவனும் ஒரு ஆம்பளையா!” என்றாள் பாக்கியம். இரண்டு புத்தகத்துக்கும் வாய் திறக்காத லெட்சுமி அன்றைக்குத்தான் பேசினாள்.

“இவன் சொல்றத நம்பலாம்க்கா. கால்சட்டை நனைஞ்சதையே சொன்னவன், தண்ணி கொண்டு போனதுல எதுக்குப் பொய் சொல்லப் போறான்?”

வட்டவளைக் கடுதாசி

அடுத்த வாரம் வட்டவளைக்காரர் தன்னைப் பற்றித் தானே எழுதிய கடுதாசி வந்தது. லெட்சுமிக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், என்னிடம் நீட்டினாள். நாலு பக்கம். ‘நான் எவருக்கும் அஞ்சியதில்லை. நான் நோயென்று ஒரு நாளும் படுத்ததில்லை. நான் சொன்னால் ஸ்டோரில் மறுபேச்சு இல்லை.’ நாவல் வாசித்த அதே குரலில்தான் வாசித்தேன், வேறு குரலுக்கு எங்கே போவேன்? பாக்கியம் சிரித்த சிரிப்பில் ஏணைப் பிள்ளைகள் இரண்டு விழித்துக்கொண்டன. “இது ஒத்தக்கையனேதான்! வேணாம்னு எழுதிப் போடுங்கக்கா!”

லெட்சுமி சிரிக்கவில்லை. பையனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, இவனுக்குக் காய்ச்சல் வந்தால் பதறி எழும்புகிற ஆள்தான் தனக்கு வேண்டும் என்றாள். வேண்டாமென்று ஒரே வரியில் எழுதவும் அவளுக்கு மனசில்லை. பிள்ளையோடு சேர்த்துக் கேட்ட மனுஷன் அவர் ஒருவர்தான். மாஸ்டர் எங்கள் பொது அறிவு வளரட்டும் என்று கொடுத்த மூன்று யுத்தங்களும் கடைசியில் மாப்பிள்ளை பார்க்கத்தான் உதவின.

கொழுந்துக் கூடையை எடுக்கப் போனவள் வாசலில் நின்று திரும்பினாள்.

“பதில் எழுதுங்கக்கா. சரின்னும் வேணாம், முடியாதுன்னும் வேணாம். அவரு பயந்து நடுங்குன ஒரு நாளப் பத்தி, ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லுங்க.”