எங்கள் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்க வந்தவன்

மதராஸ் மாகாணம் ஒன்றாக இருந்த காலம். சித்தூரில் என் கணவர் மிஷன் பள்ளி வாத்தியார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பியபோது, வாசலில் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். தடித்த ஆள். குரல் மட்டும் மெதுவாக வந்தது.

"ஐயா, உங்கள வெட்டச் சொல்லி என்னை அனுப்பினாங்க. போன வாரம் மாந்தோப்புல அருவாளோட நின்னுக்கினு இருந்தேன். நீங்க கீர்த்தனை பாடிக்கினு வந்தீங்க. சாமி பாட்டு, முடியட்டும்னு பாத்தேன். முடியவே இல்ல. அதுக்குள்ள உங்க வீடு வந்துடுச்சி. எனக்கும் மனசு மாறிடுச்சி. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

என் கணவர் ஓரடி பின்னால் போனார். "யாரு அனுப்பினது?" என்றார்.

"அத மட்டும் கேக்காதீங்க. நம்பிச் சொன்னவங்கள காட்டிக் குடுக்கறது பாவம் இல்லீங்களா?"

என் கணவர் அவசரமாக, "மன்னிச்சேன்," என்றார். அவன் கும்பிட்டுப் போய்விட்டான். போலீசுக்குப் போகலாம் என்றேன். போனால் இவன் இல்லையென்று சாதிப்பான், அனுப்பியவர் வேறு ஆளை அனுப்புவார் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. பக்கத்து வீட்டு வாத்தியார் பலாப்பழம் கொடுத்தனுப்பினார். என் கணவர் அதை வெட்டாமலே எருக்குழியில் போட்டார். ஏர்பேட்டில் இருந்த அவருடைய அண்ணனோடு ஒரு கிணற்றுக்காக வழக்கு நடந்துகொண்டிருந்தது. அண்ணனா, வாத்தியாரா என்று சுவரைப் பார்த்து யோசிப்பார். பிறகு அந்தப் பார்வை மெல்ல என் பக்கம் திரும்பியது. என் வளையல்களைத் தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டார் என்று அதற்கு முந்தின மாதம்தான் நான் சண்டை போட்டிருந்தேன்.

ஒருநாள் குழம்பு ஊற்றினேன். தட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீ மொதல்ல துன்னு பாரு."

ஒரு வாய் எடுத்துவிட்டு, "உப்பு கம்மி," என்றேன். சிரித்துச் சமாளித்தேன். மறுநாளும் அப்படியே செய்தபோது சோறு எனக்கு இறங்கவில்லை.

மன்னிப்புக் கேட்டுப் போனவன் விறகுத் தொட்டியில் கட்டை பிளப்பதாகக் கேள்விப்பட்டு நேரே போனேன். கோடரியும் கையுமாக அவனை வீட்டுக்கு அழைத்து வந்து கணவர் முன் நிறுத்தினேன்.

"இவளா?" என்று அவர் என்னைக் காட்டிக் கேட்டார்.

அவன் பதறிப் போனான். "ஐயையோ, அம்மா இல்லீங்க!"

"பக்கத்து வீட்டு வாத்தியாரா?"

"சேச்சே, அவரும் இல்லீங்க."

"எங்க அண்ணனா?"

அவன் வாயைத் திறந்து மூடினான். "நேரமாவுதுங்க," என்று கோடரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளே கணவர் ஏர்பேட்டுக்குப் போய், கிணறு முழுதும் உனக்கே என்று அண்ணனிடம் சொன்னார். சந்தோஷப்பட வேண்டியவர், "இன்னாடா திடீர்னு? இதுல இன்னா சூது?" என்று கேட்டாராம். கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்ச நாள் மாட்டுக்கு வைத்துப் பார்த்த பிறகுதான் அவர் வீட்டில் குடித்தார்களாம்.

சில வருஷங்கள் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பதிக்குப் போனோம். மலையடிவாரத்தில் டோலி தூக்குபவர்களுக்கு நடுவே அவன் நின்றிருந்தான், மொட்டைத் தலையோடு. எங்களைக் கண்டதும் ஓடிவந்தான்.

"நீ நம்ம வேதக் கோயில்ல சேரப் போறதா கேள்விப்பட்டேனே?" என்றேன்.

"பாதிரியார் ஒரு வருஷம் பொறு, பாக்கலாம்னார். என்மேல சந்தேகம். இங்க ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல, வந்த அன்னிக்கே மொட்டை அடிச்சிட்டாங்க. இப்ப நடக்க முடியாத கெழவங்கள மேல தூக்கிக்கினு போறேன். மனசு லேசா கீது."

கணவர் அவனைத் தனியே இழுத்தார். "இப்பவாவது சொல்லு. அண்ணன்தானே?"

"நெசமா மறந்துட்டேங்க. பழசு எதையும் மனசுல வெச்சிக்கல."

ரயிலில் அவர் ஜன்னலை இறக்கி மூடினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அது சரி, அன்னிக்கி உன்னைக் காட்டினப்ப அவன் ஏன் அப்பிடிப் பதறினான்?" என்றார்.

கல்யாண வீட்டில் கொடுத்த லட்டை ஒரு வாய் நானே தின்று காட்டிவிட்டு, மீதியை அவரிடம் நீட்டினேன்.