அம்மா திறக்காத கதவு

மெல்பர்னில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் யாருடைய கைபேசியாவது ஒலித்தால், திரையை ஒருமுறை பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைப்பார்கள். தெரியாத எண் என்றால் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவது இங்கே சாதாரணம். வந்த புதிதில் எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. கோவையில் எங்கள் வீட்டில் மணி இரண்டாவது முறை அடிப்பதற்குள் அம்மா ஓடிவந்து, "சொல்லுங்க, யாருங்க?" என்பார். தவறான எண்ணாக இருந்தாலும் "பரவால்லைங்க, வெச்சர்றனுங்க" என்று விடைபெற்றுத்தான் வைப்பார். எதிர்முனையில் இருப்பவர் பொய் சொல்லக்கூடும் என்று அவர் நினைத்ததே இல்லை.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய உணவு இடைவேளையில் அம்மாவை அழைத்தேன். அப்போது கோவை சரவணம்பட்டியில் காலை. அப்பா இறந்தபின் அம்மா அங்கே தனியாக இருக்கிறார். அழைப்பைத் துண்டித்தார். மறுபடி அழைத்தேன், மறுபடியும் துண்டித்தார். பிறகு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: நலமாக இருக்கிறேன், அழைக்க வேண்டாம். அம்மா எனக்கு ஆங்கிலத்தில் எழுதியதே கிடையாது. பயந்துபோய் எதிர்வீட்டு சலீம் அண்ணனைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் அழைத்தார்.

"அம்மணி, கதவு தாப்பாப் போட்டிருக்குது. போனை முன்னால நிறுத்திவெச்சு அம்மா அசையாம உக்காந்திருக்காங்க. ஜன்னல்ல என்னையப் பார்த்ததும் போயிருங்கன்னு கையக் காட்டறாங்க. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது."

எனக்குப் புரிந்துவிட்டது. போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து, முத்திரை வைத்த போலி உத்தரவைக் காட்டி, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று கேமரா முன்னாலேயே உட்காரவைத்து மிரட்டும் கும்பல்களைப் பற்றி நான் படித்திருந்தேன். அம்மாவிடம் சொல்லத்தான் தவறியிருந்தேன். சலீம் அண்ணனைக் காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னேன். பக்கத்து மேசை ஹெலன் என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். அம்மாவைப் போனிலேயே கைது செய்து வைத்திருக்கிறார்கள் என்றேன். "ஐயோ, என்ன குற்றம் செய்தார்? வக்கீல் இருக்கிறாரா?" என்றாள். அது பொய்க் கைது என்று விளக்கியதும், "அப்படியானால் போனை வைத்துவிட வேண்டியதுதானே?" என்றாள். அம்மா தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சராக இருந்தவர், முத்திரை வைத்த தாளை மீறத் தெரியாதவர் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

சலீம் அண்ணன் ஒரு பெண் காவலருடன் திரும்பினார். என்னை அழைத்து, எனக்குக் கேட்கும்படி போனைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, ஸ்டேசன்ல இருந்து வாரனுங்க. கதவைத் தொறங்க."

"போலிப் போலீசு வருவாங்கன்னு போன்ல இருக்கற சார் சொல்லிட்டாருங்க. போயிருங்க" என்றார் அம்மா உள்ளிருந்து.

"அம்மா, நாந்தாம்மா!" என்று கத்தினேன்.

"எம்பொண்ணு கொரல்ல ஆரு வேணும்னாலும் பேசுவாங்களாமா." அம்மாவின் குரல் உடைந்தது.

காவலர் கோபப்படவில்லை. "செரிங்க, தொறக்க வேண்டாம். வெய்யில்ல வந்தனுங்க. ஜன்னல் வழியா ஒரு சொம்பு தண்ணி மட்டும் குடுங்க" என்றார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தண்ணீர் கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல அம்மாவால் முடியாது. உடனே உள்ளே போனிலிருந்து ஓர் ஆண்குரல் அதட்டியது: "யாரைக் கேட்டு எழுந்தே? உட்கார்!"

காவலர் ஜன்னல் கம்பியோரம் குனிந்து, "ஏனுங்க சார், நீங்க எந்த ஸ்டேசனுங்க? பேரச் சொன்னீங்கன்னா நானும் எழுதிக்குவேன்" என்றார். அவ்வளவுதான், அந்தக் குரல் நின்றுபோயிற்று. பின் தாழ்ப்பாள் விலகியது.

முந்தைய நாள் காலையிலிருந்து அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தார். என் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். அன்று மதியம் வங்கிக்குப் போய்ச் சேமிப்பையெல்லாம் 'சரிபார்ப்பு'க்கு அனுப்ப வேண்டுமாம். "அவங்க அனுப்புன லெட்டரு நானே அடிச்சதாட்டம் இருந்துச்சு கண்ணு. ஆருகிட்டயாச்சும் சொன்னா உன்னைய அங்கயே உள்ள வெச்சுப்போடுவாங்கன்னாங்க. அதான் உன்ற போனைக் கட் பண்ணிப்போட்டு, அவங்க சொன்னதை இங்கிலீசுல அடிச்சு அனுப்புனேன்" என்று அழுதார். என்னைக் காப்பாற்ற என்னையே துண்டித்திருக்கிறார். நான் தூரத்தில் இருப்பதுதான் அந்தத் திருடர்களுக்குக் கிடைத்த பிடி.

கிளம்பும்முன் காவலர் சொன்னதை வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் எல்லா வீட்டுக்கும் சொல்ல விரும்புகிறேன். "எந்த ஆபீசரும் போன்ல கைது பண்ண மாட்டாங்கம்மா. ஆருகிட்டயும் சொல்லாதேன்னு ஒருத்தன் சொன்னாலே அவன் திருடன்தானுங்க. வெச்சுப்போட்டு வெளிய வந்து பக்கத்துல ஒருத்தர்கிட்டச் சொல்லிருங்க. கொரலை மட்டும் நம்பாம, பொண்ணும் நீங்களும் உங்களுக்குள்ள ஒரு கேள்வி வெச்சுக்குங்க."

அதிலிருந்து அம்மா ஒவ்வொரு முறையும் ஏதாவது கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறார். போன வாரம், "நம்மூட்டு கேட்டு என்ன கலரு, சொல்லு" என்றார்.

"பச்சைங்கம்மா."

"பொங்கலுக்கே காப்பிக்கலரு அடிச்சாச்சு."

"அப்ப நான் ஆருங்கம்மா?"

"நீயேதான் கண்ணு. திருடனா இருந்தா வந்து பார்த்துப்போட்டு இப்ப இருக்கற கலரைச் சொல்லியிருப்பான்."

இல்லாமல் போன அந்தப் பச்சை கேட்டைத் திறந்துகொண்டுதான் நான் இன்னமும் வீட்டுக்குப் போய்வருகிறேன்.