மைக்குக்கு ஐந்து ரூபாய்

அன்றைக்கு அந்த பிரவுசிங் சென்டரில் இருந்தது நான், அப்பா, கடைக்கார பாய், பக்கத்து கேபினில் கேம் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள். அவ்வளவுதான். அம்மா வரவில்லை, சேலையூரில் அவள் வேலை செய்யும் வீட்டில் ஏதோ விசேஷம். அப்பாவின் பதிலுக்காகக் காத்திருந்த காண்ட்ராக்டர் நாவலூரில் இருந்தார். நாங்கள் யாரைப் பார்க்கப் போனோமோ அவர் இருந்ததோ திருநெல்வேலிப் பக்கம். 2006-ஆம் வருடக் கோடை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேற்குத் தாம்பரம்.

அப்பா கான்கிரீட் மேஸ்திரி. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. தளம் போடுகிற நாளில் கலவைத் தொட்டி விஞ்ச் என்ற தூக்கு மெஷினில் மேலே போகும். கீழே விஞ்சை ஓட்டுகிறவருக்கு மேலே நடப்பது தெரியாது. மாடி விளிம்பில் நிற்கும் மேஸ்திரி ‘நிறுத்து’ என்றால் நிறுத்த வேண்டும், ‘போ’ என்றால் தூக்க வேண்டும். ஒரு நொடி தப்பினால் தொட்டி ஆள் மேல் இடிக்கும். மிக்ஸர் மெஷின் போடுகிற சத்தத்தையும் மீறி ஐந்தாவது மாடியிலிருந்து கீழே வரை கேட்கிற குரல் அப்பாவுடையது. அந்தக் குரலால்தான் அவருக்கு மேஸ்திரி வேலையே கிடைத்தது என்பார்கள்.

தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. உயிர் தப்பியதே பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள். டாக்டர்கள், சொந்தக்காரர்கள், நானும்கூட. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் நர்ஸ் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்து, “எதுனாலும் எழுதிக் காட்டுங்க” என்றார். அப்பா பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான்.

அதனால் அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினோம். அம்மாவுக்குப் பாதி புரியும். எனக்கு முக்கால்வாசி. ஆனால் புரிந்துகொள்ள என்ன இருந்தது? முடிச்சூரில் எங்கள் வாடகை போர்ஷனில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். யாராவது பார்க்க வந்தால் கழுத்துத் துணியை இழுத்து விட்டுக்கொண்டு தூங்குவதுபோல் இருப்பார். காண்ட்ராக்டர் நல்ல மனிதர். அடுத்த தளம் போடுகிற வரைக்கும் வேறு மேஸ்திரி வைக்கமாட்டேன், யோசித்துச் சொல் என்றிருந்தார். தளம் அந்த வாரம். அப்பா அம்மாவிடம் வாயசைத்துச் சொல்லிவிட்டார்: “முடியாதுனு சொல்லிடு.” அம்மா சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். சம்பளம் ஒரு கவலை என்றாலும், அதைவிட அவளுக்குப் பெரிய பயம் வேறு. இந்த வேலையும் போனால் மனுஷன் அந்தச் சுவரை விட்டுத் திரும்பவே மாட்டார் என்று என்னிடம் சொன்னாள்.

நான் அப்போது காட்டாங்குளத்தூரில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தேன். லேபில் ஒருநாள் தேடிக்கொண்டிருந்தபோது, தொண்டைப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்து நடத்தும் ஒரு மெயில் குழு கிடைத்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். கோயம்புத்தூரிலிருந்து மனநல ஆலோசகரான ஒரு அக்கா அதைப் பார்த்துக்கொண்டார். நான் நீளமாக ஒரு மெயில் போட்டேன். துளையை எப்படிச் சுத்தம் செய்வது, என்ன சாப்பாடு கொடுப்பது, மறுபடி வருமா, இப்படி வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதிவிட்டு, கடைசியில் அந்த அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: “அப்பா கடைசியா எப்ப சிரிச்சார், தம்பி?”

அதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் எங்களைக் கேட்காத கேள்வி. லேபில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அப்படியே எழுதினேன்.

அந்த அக்காதான் ஏற்பாடு செய்தார். இதே ஆபரேஷன் செய்துகொண்டு திரும்ப வேலைக்குப் போன ஒருவர் குழுவில் இருக்கிறார், தனியார் பஸ்ஸில் கண்டக்டர், அவரும் உங்கள் அப்பாவும் வெப்கேமில் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அவருக்குப் பதில் டைப் செய்ய அவர் மகள் இருப்பாள். இந்தப் பக்கம் நான்.

அப்பாவைக் கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் அம்மா காலையில் கிளம்பும்போது, “அவன் கூப்ட்டா போய்ட்டு வாயேன், வூட்லயே கெடந்து இன்னா பண்ணப் போற” என்று சொன்னதற்காக வந்தார். சைக்கிளில் எனக்குப் பின்னால், கழுத்தில் வெள்ளைத் துணியோடு, ஒரு வார்த்தை வாயசைக்காமல்.

அந்தக் கால பிரவுசிங் சென்டரை நினைத்தால் இன்றும் எனக்கு ஒரு வாசனை வரும். வாசலில் செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே போனால் ஏ.சி. குளிரும் பிளைவுட் வாசனையும். ஆளுயரத் தடுப்பு வைத்த சின்னச் சின்ன கேபின்கள், கொழுத்த மானிட்டர்கள், கரண்ட் போனால் கத்தும் யு.பி.எஸ். கல்லாவில் பாய் உட்கார்ந்திருப்பார். என் ரிசல்ட் எல்லாம் அங்கேதான் பார்த்தேன். அதனால் என்னைத் தெரியும். அப்பாவை அன்றுதான் பார்த்தார்.

“கேமராவா தம்பி? அதுக்குத் தனியா அஞ்சு ரூபா” என்றவர், அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: “இன்னாபா, மைக்கும் போட்டுரட்டா? அதுக்கு ஒரு அஞ்சு ரூபா. பேசினே இருக்கலாம்.”

மைக் வேண்டாம் என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னேன். அப்பாவைப் பார்க்கப் பயந்துகொண்டு திரும்பினால், அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கழுத்துத் துணி படபடவென்று அடித்தது. சத்தமே இல்லை. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். பாய்க்கு ஒன்றும் புரியாமல் அவரும் சேர்ந்து சிரித்தார்.

கேபினில் ஒரே நாற்காலிதான். அப்பா அதில், நான் பிளாஸ்டிக் ஸ்டூலில். படம் விட்டுவிட்டு வந்தது. ஒரு மெலிந்த மனிதர், கழுத்தில் இதேபோல் துணி, பக்கத்தில் அவர் மகள். இரண்டு பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த மனிதர் தன் துணியை விலக்கி, துளையைக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவும் விலக்கினார். எங்களைத் தவிர வேறு யாருக்கும் அவர் அதைக் காட்டி நான் பார்த்ததில்லை.

நான் விரல்களைத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவர்களுக்கு டைப் செய்ய ஆள் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. குளிக்கும்போது தண்ணீர் உள்ளே போகாமல் எப்படிப் பிடித்துக்கொள்வது என்பதை அவர் செய்தே காட்டினார். தும்மல் வந்தால் ஜனங்கள் மூக்கைப் பொத்துவார்கள், நாம் கழுத்தைப் பொத்த வேண்டும் என்று நடித்துக் காட்டியபோது அப்பாவின் துணி மறுபடி படபடத்தது. நடுவில் மட்டும் அந்தப் பெண் டைப் செய்தாள்: “எங்க அப்பா கேக்காவ, உங்க அப்பாவுக்கு என்ன வேல?”

நான் மேஸ்திரி வேலையையும் விஞ்சையும் பற்றி எழுதி, குரல் இல்லாமல் அந்த வேலையைச் செய்யமுடியாது என்று அப்பா விடப்போகிறார் என்றேன். அவள் படித்துச் சொன்னாள். அவர் உடனே எதையோ தேடினார். அவள் எழுதினாள்: “ஹெட்செட் மாட்டச் சொல்லுங்க. எங்க அப்பா ஒண்ணு கேக்க வைக்கணும்னு சொல்லுதாவ.”

எழுந்து போய் பாயிடம் மைக்கோடு ஹெட்செட் கேட்டேன். “மொதல்லயே கேட்டேன்ல” என்று எடுத்துக் கொடுத்தார்.

அப்பா மாட்டிக்கொண்டார். எதிர்ப் பக்கம் அந்த மனிதர் ஒரு விரலைக் காட்டிவிட்டு, தகரப் பலகைபோல் எதன் மீதோ உள்ளங்கையால் அடித்தார். பிறகு இரண்டு விரல், மறுபடி அடித்தார். அப்பாவின் முகம் மாறியது. ஒரு பக்கத்து ஸ்பீக்கரை இழுத்து என் காதில் வைத்தார். இருவர் தலையும் ஒட்டிக்கொண்டிருக்க, நானும் கேட்டேன். டப். கொஞ்சம் விட்டு, டப் டப்.

பஸ்ஸில் போகிற எவருக்கும் அது தெரியும். கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் நிற்கும், இரண்டு தட்டினால் கிளம்பும். அந்தப் பெண் எழுதினாள்: “எங்க அப்பா இப்ப முழு ரூட்டும் இத வச்சுத்தான் ஓட்டுதாவ. டிரைவர் திரும்பிக்கூட பாக்கமாட்டாவ.”

அப்பா மைக்கை வாய்க்கு முன்னாலிருந்து இறக்கி, கேபினின் பிளைவுட் அருகே பிடித்து, முஷ்டியால் ஓங்கி இடித்தார். ஒன்று. பிறகு இரண்டு. திரையில் அந்த மனிதர் எழுந்து நின்று கை தட்டினார். இவர் விடவில்லை. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. பக்கத்து கேபின் பையன் எட்டிப் பார்த்தான். பாய் ஓடி வந்தார்.

“இன்னாபா, கடைய இடிச்சிகினு கீறீங்க?”

அப்பா திரும்பினார். துணி விலகியே இருந்தது. பாய் அந்தத் துளையைப் பார்த்தார், கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். அப்பாவிடம் மைக் போடட்டுமா என்று கேட்டது அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு, “இடி, இடி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா என் பக்கம் திரும்பி வாயசைத்தார். அன்றைக்கு எனக்கு முழுதாகப் புரிந்தது. “சாரத்துப் பைப்பு இரும்புடா. மேலேர்ந்து தட்டுனா கீழ வரிக்கும் கேக்கும்.”

அந்த வாரமே அவர் நாவலூர் போனார். சிமென்ட் தூசி துளைக்குள் போகாமலிருக்க அம்மா இரட்டை மடிப்பில் துணி தைத்துக் கொடுத்தாள். விஞ்ச்காரரிடம் காண்ட்ராக்டரே எடுத்துச் சொன்னாராம். ஒரு கம்பித் துண்டு, ஒரு சாரப் பைப்பு. முதல் தளம் தட்டுச் சத்தத்திலேயே ஏறி முடிந்தது. பிறகு அதுவே எல்லோருக்கும் பழகிவிட்டது. காற்றை விழுங்கி ஏப்பம்போல் பேசுவதை ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டார். இப்போது வீட்டில் அந்தக் கரகரத்த குரலில் என்னைத் திட்டக்கூடச் செய்கிறார். ஆனால் சைட்டில் இன்றும் தட்டுதான். கண்டக்டர் சாரும் அவரும் வெகுநாள் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் எங்களை அவரவர் ஊரில் வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டு அப்பாக்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்கும் தெரியாது.

பாயின் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்தப் பக்கம் போனால் அந்த பிளைவுட் தடுப்பை என் கண் தேடும்.

அன்று கிளம்பும்போது பாய் கணக்குப் பார்த்தார். ஒரு மணி நேரம் இருபது ரூபாய், கேமராவுக்கு ஐந்து. “மைக்கு வாணாம், வுட்ரு தம்பி” என்றார். அப்பா கையை நீட்டி அவரைத் தடுத்தார். ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு, கல்லா மேஜையில் இரண்டு தட்டு தட்டினார். போகலாம் என்று அர்த்தம்.

நாமெல்லாம் உயிரைக் காப்பாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். என் அப்பாவுக்கு அந்த உயிரைத் திரும்ப வாழ வைத்துக் கொடுத்ததற்கு அன்று எங்களுக்கு ஆன செலவு, அவர் கேட்டுச் சேர்க்கச் சொன்ன மைக் காசையும் சேர்த்து, முப்பது ரூபாய்.