கருங்கல்மேட்டுத் தெருவும் அலுமினிய ரிம்மும்

மொரப்பூரில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை 1937 மாசியில் முனியப்பனுக்குக் கிடைத்தது. தற்காலிக வேலைதான். இரண்டு வருடம் புகார் இல்லாமல் பார்த்தால் நிரந்தரம், பிறகு பென்ஷன். சேரியில் பிறந்தவர் யாரும் அந்த வட்டாரத்தில் அதுவரை பென்ஷன் வாங்கியதில்லை. அதற்காகவே அவர் வெயில், மழை பாராமல் மிதித்தார். வரும் தந்திகளைப் பென்சிலால் எழுதிக்கொடுக்கும் குமாஸ்தா நான்.

சைக்கிள் அவருடையது. முழுக்க இரும்பாலான பழைய சீமை வண்டி. மலையடிவார ஊர்களுக்குப் போகும் பாதை கருங்கல்மேடு என்ற ஊரின் கோயில் தெரு வழியாகத்தான் போகும். சேரி ஆள் அங்கே மிதித்துப் போகக் கூடாது என்றார்கள், இறங்கித் தள்ளினார். தள்ளும்போது பின்சக்கரம் போடும் டிக்டிக் சத்தம் மாரியம்மன் காதில் விழுகிறது என்று ஊர்ப் பெரியதனக்காரர் ராஜப்பன் அதற்கும் தடை போட்டார். எருமைகள் சாணி போட்டுக்கொண்டே போகும் தெரு அது. அம்மன் அதைப் பொறுத்துக்கொண்டாள். முனியப்பன் மட்டும் வண்டியைத் தோளில் சுமந்து இரண்டு பர்லாங் நடக்க வேண்டும். நடுவில் இறக்கி வைக்கவும் கூடாது. தந்தியைக் கல்மேல் வைக்கச் சொல்லி, தண்ணீர் தெளித்து எடுப்பார்கள். பென்சில் எழுத்து என்பதால் அழியாமல் தப்பியது.

ஒரு வருடத்தில் அவருடைய வலது தோள் காய்த்துப்போனது. வண்டியின் எடையைக் குறைக்க வழி உண்டா என்று என்னிடம் கேட்டார்.

நான் நிறையப் படிப்பவன். பெங்களூர்க் கடை ஒன்றின் விலைப்பட்டியல் என்னிடம் இருந்தது. அலுமினிய ரிம், அலுமினிய மட்கார்டு, மெல்லிய சீட்டு எல்லாம் சேர்ந்தால் ஏழு ராத்தல் குறையும் என்று சொன்னேன். இரண்டு ஆடுகளை விற்று வாங்கினார். பெட்டி ரயிலில் வந்து இறங்கியபோது, அறிவியல் சாதியை ஜெயித்துவிட்டதுபோல் எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் மனைவி தீர்த்தம்மாளுக்கு அந்தப் பெருமை இல்லை. வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"வண்டிய லேசு பண்ணிட்டீங்க. தெருவ என்னங்க பண்ணப் போறீங்க?"

அதற்குக் காலம் ஆகும் என்றேன்.

"வித்த ஆடு ரெண்டும் சினைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. "பூனைக்குட்டி மாட்டம் இருக்குதுங்க சார், தோள்ல இருக்கறதே தெரியல" என்று முனியப்பன் சிரிப்பார். ஆனால் அந்த ரிம் பட்டணத்துத் தார் ரோட்டுக்குச் செய்தது. நம் பாதையோ கருங்கல் சல்லி. இரும்பு நெளிந்தால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். அலுமினியம் பிளந்துவிடும். விலைப்பட்டியல் அதைச் சொல்லவில்லை. நானும் யாரையும் விசாரிக்கவில்லை.

இரண்டு வருடம் முடிய ஒரு மாதம் இருந்தது. தை மாதத்தில் ராஜப்பனுக்கே ஒரு தந்தி வந்தது. அவர் மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டில் சாவு, கல்யாணம் தள்ளிவைப்பு. கருங்கல்மேட்டுக்கு நாலு மைல் இருக்கும்போது முன்ரிம் பிளந்தது. வண்டியைப் போட்டுவிட்டு ஓட முனியப்பனுக்கு மனம் வரவில்லை. ஆடு இரண்டும் அதில்தான் இருந்தன. நாலு மைலும் தூக்கிக்கொண்டு ஓடி, தெருவையும் அப்படியே கடந்தார். அதற்குள் பதினோரு வண்டிகள் மேளத்தோடு மாப்பிள்ளை ஊரான காரிமங்கலத்துக்குப் புறப்பட்டிருந்தன. கல்யாணக் கூட்டம் இழவு வீட்டில் போய் இறங்கியது.

ராஜப்பன் புகார் எழுதினார். இரும்பு ரிம்மை ஏன் கழற்றினாய் என்று மேலதிகாரி விளக்கம் கேட்டார். முனியப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. விளக்கத்தை நான்தான் எழுதினேன். ராஜப்பனின் பங்காளி ஜில்லா போர்டில் இருந்தார். எனக்கு இரண்டு சிறு குழந்தைகள். மாற்றல் உத்தரவு ஒன்றும் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. மேடையேறிச் சாதியைச் சாடுகிற நான், தெருவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வேகமாகப் போவதற்காக மாற்றினேன் என்று எழுதினேன். அதன் கீழே அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

பகட்டுக்காக வண்டியை மாற்றித் தாமதத்துக்குக் காரணமானதால் வேலைநீக்கம் என்று உத்தரவு வந்தது.

முனியப்பனும் தீர்த்தம்மாளும் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போவதென்று முடிவு செய்தார்கள். வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன்.

"தெருவப் பத்தி எழுதுனீங்களா சார்?" என்று முனியப்பன் கேட்டார்.

எழுதினேன் என்றேன்.

அவர் மூட்டையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

"எழுதியும் அவங்களுக்கு உறைக்கலீங்களா? அப்ப இனிமே யாருகிட்டயும் சொல்லிப் பிரயோசனம் இல்லீங்க."

ரயில் வந்தது. தீர்த்தம்மாளை ஏற்றிவிட்டு அவரும் ஏறினார். உண்மையைச் சொல்ல இரண்டு நிமிடம் இருந்தது. நான் சொல்லவில்லை.