மாத்தளை வேகத்தில் ஒரு கிரன்ஜ் பாட்டு

கடந்த ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை நான் மாத்தளைக்குப் புறப்பட்டதற்குக் காரணம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையை அதுவரை நேரில் பார்த்ததில்லை. பொண்ணின் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் அவர்களுடைய வரவேற்பில் பேஸ் கிட்டார் வாசிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

கிரன்ஜ் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் பக்கமிருந்து கிளம்பிய ராக் இசை அது. கிட்டார் கரகரக்கும், பாடுகிறவர் பாதி முனகிப் பாதி கத்துவார், எல்லாரும் கட்டம்போட்ட பழைய சட்டையில் திரிவார்கள். அதில் விழுந்து இன்னும் எழும்பாத நாங்கள் கொஞ்சப் பேர் ஒரு வட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். அங்கேதான் மாத்தளை ஆரோக்கியம் அண்ணன் குரல் செய்தி போட்டார். பழுதான தண்ணீர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிற கடை வைத்திருப்பவர். ஐம்பது வயதில் அவருக்கு முதல் கல்யாணம். சின்ன வயதில் நண்பர்களோடு சேர்ந்து பாடிய ஒரு பாட்டை வரவேற்பில் பாடவேண்டும் என்பதுதான் பொண்ணு கேட்ட ஒரே சீர். பழைய பேஸ்காரருக்கு இத்தாலியில் லீவு கிடைக்கவில்லையாம். யாராவது வரமுடியுமா?

இருபது நொடியில் "வர்றேண்ணே" என்று போட்டுவிட்டேன். யோசித்துச் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. சாப்பிடுவது, நடப்பது, பேசுவது எல்லாமே ஓட்டம்தான். ஆறு வாரம் தினமும் யூடியூபில் அசல் பாட்டைப் போட்டு, அதோடு சேர்ந்து வாசித்துத் தயாரானேன்.

காலை 5.40க்குக் கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏசி பஸ், 750 ரூபா. 8.50க்குக் கண்டி. அங்கிருந்து மாத்தளை 26 கிலோமீற்றர், சாதாரண பஸ்ஸில் 110 ரூபா. கிட்டாரோடு ஏறியதும் கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கும் சீட் வேணுமா அக்கா?"

"மடியில வச்சுக்கிறேன் தம்பி."

"மடியில வச்சீங்கன்னா பக்கத்துல இருக்கிறவருக்கு மண்டை போயிரும். டிரைவர்கிட்ட குடுங்க."

அதனால் என் கிட்டார் சாமி படத்துக்குக் கீழே ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தது. நான் நின்றுகொண்டு போனேன். (டிக்கட் எனக்கு மட்டும்தான் கிழித்தார், அதையும் சொல்லவேண்டும்.)

பத்தேகாலுக்கு மாத்தளை. அங்கிருந்து பல்லேபொலவுக்குச் சுமார் 16 கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 1,900 ரூபா. பஸ்ஸும் உண்டு, மிகவும் மலிவு, ஆனால் எனக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. டிரம்ஸ்காரர் நிஸாம் நானா அங்கே மிளகும் ஏலமும் வாங்கி விற்கிறார். ஒத்திகை அவருடைய மிளகுக் களஞ்சியத்தில். உள்ளே போன உடனே ஏழு தும்மல் போட்டேன்.

ஆரோக்கியம் அண்ணன் மெலிந்த உயரமான ஆள். பேசினாலே மேசை அதிர்கிற கட்டைக்குரல். கிட்டாரும் அவரே. நிஸாம் நானா குச்சியைத் தட்டி நாலு எண்ணினார். நான் பிய்த்து உதறினேன். கண்ணை மூடி, தலையை ஆட்டி, கடைசி நோட்டையும் வாசித்து நிமிர்ந்தால், அவர்கள் இன்னும் இரண்டாவது சரணத்தில் இருந்தார்கள்.

"தங்கச்சிக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்றார் நிஸாம் நானா.

வேகம் மட்டுமில்லை, சுருதியும் அசலைவிடத் தணிவு. இவர்கள்தான் தப்பு என்று நிரூபிக்க என் போனில் அசலைப் போட்டுக்காட்டினேன். இருவரும் மரியாதையாக முழுசும் கேட்டார்கள்.

"தெரியும்மா. நெட்டுல இப்பிடித்தான் ஓடுது. அவங்களுக்கு என்னமோ அவசரம்," என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

விஷயம் இதுதான். அன்றைக்கு அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு கசெட். அண்ணன் வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கரண்ட் இல்லை. கசெட் பெட்டி ஓடியது பெட்டரியில். யாரோ தீர்ந்துபோனதென்று ஒதுக்கிய பெட்டரிகள் அவருக்கு ஓசியில் கிடைக்கும். அவற்றைத் தகரத்துக்கு மேலே வெயிலில் காயவைத்து, உயிர் வந்த மட்டும் ஓடவிடுவார். பெட்டி இழுத்து இழுத்துப் பாடும். அந்த வேகத்தையும் அந்தச் சுருதியையும்தான் மூன்று பேரும் மனப்பாடம் செய்தார்கள். பிறகு ஒரு நாள் நிஸாம் நானா கடையில் சீடி வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, சீடி பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனாராம். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

"தெரிஞ்ச பிறகாவது மாத்தியிருக்கலாமேண்ணே?"

"பாத்தோம். அந்த ஓட்டத்துக்கு என் தொண்டை வரல்ல. இந்தக் குரலே அந்தப் பெட்டியப் பாத்துப் பாடி வந்ததுதானே." கிட்டாரைத் துடைத்துக்கொண்டே, "ரோசலின் கேட்டது இந்தப் பாட்டத்தாம்மா. அவ பக்கத்து லயத்துல இருந்து கேட்டது இதத்தான். லெபனான்ல வீட்டு வேலை செஞ்ச இருவது வருசமும் இத முணுமுணுத்துக்கிட்டு இருந்தேன்னு சொன்னா. நெட்டுல உள்ளபடி பாடினா, அவளுக்கு யாரோ பாடுறாப்புல இருக்கும்," என்றார்.

சிரிப்பு எனக்கு அங்கே நின்றுபோனது. நாளை மாலை மூன்றரைக்குள் நான் மெதுவாக வேண்டும். நாற்பத்து நாலு வருடத்தில் நடக்காதது அது.

பன்னிரண்டு மணிக்கு நிஸாம் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போய், திரும்பும்போது புரியாணியோடு வந்தார். "ஆறுதலா, மெதுவா சாப்பிடுங்க தங்கச்சி, அதுவும் ப்ராக்டிஸ்தான்." ஐந்து மணிவரை வாசித்தோம். பாதிவரை பிடித்துக்கொள்வேன், பிறகு கை தானாக ஓடும். அண்ணன் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

இரவு மாத்தளை நகரில் ஒரு சின்ன விடுதியில் தங்கினேன், காலைச் சாப்பாட்டோடு 4,500. சனிக்கிழமை காலை படபடப்புத் தாங்காமல் நாலந்தா கெடிகே பார்க்கப் போனேன். ஏ9 வீதியில் வடக்கே சுமார் 24 கிலோமீற்றர், போய்வர ஓட்டோவுக்கு 5,000. வாவியோரம் தனியாக நிற்கும் அழகான பழைய கல் கோயில். ஆளே இல்லை. அதைச் சுற்றிச் சுற்றி அந்தப் பாட்டை இழுத்து முணுமுணுத்து நடந்தேன். திரும்பும்போது அதே தாளத்தில் வரலாமென்று, "கொஞ்சம் மெதுவா போங்கண்ணே," என்றேன்.

"இதவிட மெதுவான்னா இறங்கித் தள்ளணும் மிஸ்."

தேவாலய மண்டபத்தில் சுமார் இருநூறு பேர். கேக் வெட்டி முடிந்து மூன்றரைக்கு நாங்கள் ஏறினோம். கோட்டுக்கு உள்ளே ஆரோக்கியம் அண்ணன் கட்டம்போட்ட சட்டை போட்டிருந்தார். முதல் சரணம் நன்றாகப் போனது. இரண்டாவதில் என் விரல்கள் ஓட ஆரம்பித்தன. அண்ணன் ஒரு வார்த்தையை விழுங்கினார். நிஸாம் நானா கண்ணாலேயே என்னைப் பிடித்து இழுத்தார். நான் நிற்கவில்லை.

அப்போது பொண்ணு எழுந்தார். வெள்ளைச் சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு நேரே எனக்கு முன்னால் வந்து நின்று, தலையை ஆட்டினார். கனமாக, ஆறுதலாக, முக்காடு முன்னும் பின்னும் போய்வர. கிரன்ஜ் ரசிகர்கள் ஆட்டுகிற அதே ஆட்டம், ஆனால் மாத்தளை வேகத்தில். நான் அந்த முக்காட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசி நோட்டை மூன்று பேரும் ஒன்றாகப் போட்டோம். அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார், எனக்கும் அதே கதிதான்.

போக நினைப்பவர்களுக்கு: கண்டி–மாத்தளை பஸ்கள் காலை முழுக்க உண்டு, பெரிய பொருள் இருந்தால் முன்கதவால் ஏறுங்கள். நாலந்தாவுக்குக் காலை ஒன்பதுக்கு முன் போனால் வெயில் குறைவு. பல்லேபொலவில் மிளகு வாங்கினால் கொழும்பு விலையைவிடக் குறைவு, மணம் அதிகம். கிட்டாருக்கு உறை போடுங்கள், மிளகுத்தூசி இன்னும் என்னுடையதில் இருக்கிறது.

புறப்படும்போது ரோசலின் அக்கா வாசல்வரை வந்தார். அந்த ஓசிப் பெட்டரி யாருடையது என்று கேட்டேன்.

"எங்கப்பாவோடது. தோட்டத்துல ராக்காவல். டோர்ச்சுக்குப் புதுசு போட்டதும் பழச நான் எடுத்து வச்சுக்குவேன். இவரு பாட்டு இழுக்க ஆரம்பிச்சதும் தெரிஞ்சிரும், பெட்டரி தீருது, கொண்டு போகலாம்னு. அங்க போறதுக்கு எனக்கு வேற என்ன சாட்டு இருக்கு?"

"அண்ணனுக்கு இது தெரியுமா?"

"எங்க? நான் பெட்டரியோட வாசல்ல காத்துக்கிட்டு நிப்பேன், இவரு பழசையே மறுபடி வெயில்ல காயப்போட்டுட்டு இருப்பாரு," என்றார் ரோசலின் அக்கா. முப்பது வருடக் கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.